கங்காணியம்மா டெனர் ஆன வரலாறு

கேமரன் மலையில் எந்தத் தடையும் இல்லாமல் பயணம் செய்யும் ஓசைகள் மூன்று. ஒன்று மழை. மற்றொன்று, கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லோரியின் பிரேக். மூன்றாவது ருக்குமணியின் குரல். முதல் இரண்டையும் எதிர்த்து யாரும் இதுவரை தீர்மானம் போட்டதில்லை.

ருக்குமணி தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. ஆபீஸ் காகிதத்தில் அந்தப் பதவிக்கு மூச்சு வாங்கும் அளவுக்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் அதை யாரும் சட்டை செய்வதில்லை. கங்காணியம்மா என்றால் முடிந்தது. அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் பெரும்பாலும் நேபாளத்துக்காரர்களும் வங்காளதேசத்துக்காரர்களும். அவர்களிடம் அவர் பேசும் மொழி பாதி மலாய், பாதி தமிழ். மொழிக்கு எட்டாததைச் சத்தம் பார்த்துக்கொள்ளும். கொழுந்தைக் கையால் கிள்ளுவது இப்போது குறைவு. நிரைக்கு இரு பக்கமும் இருவர் நின்று, செடியின் தலைக்கு மேலே மெஷினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். அது போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் தும்மினாலும் கேட்காது. ருக்குமணி பேசினால் கேட்கும். நிர்வாகம் அவருக்கு ஒரு வாக்கி-டாக்கி கொடுத்திருந்தது. அதை அவர் சோற்றுத் தூக்குக்குப் பக்கத்தில் நனையாமல் பத்திரமாக வைத்திருந்தார்.

மலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் பக்கத்துச் செடி தெரியாது. மெஷினை நிறுத்திவிட வேண்டும். அப்போது ருக்குமணி சரிவின் ஓரத்தில் நின்று நீளமாக ஒரு குரல் கொடுப்பார். அதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது. மேலே ஏறி, வளைந்து, மெல்ல இறங்கும், அவ்வளவுதான். பக்கத்து நிரை அதே குரலைத் திருப்பிக் கொடுக்கும். பிறகு அதற்குக் கீழே உள்ள நிரை, பிறகு பள்ளத்தில் இருக்கும் நிரை என்று ஒவ்வொன்றாக, ஒவ்வொரு உயரத்திலிருந்து வரும். எல்லாரும் சேர்ந்து கத்தக் கூடாது. கத்தினால் யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரியாது. எந்த நிரை பதில் தரவில்லையோ அந்த நிரைக்காக ருக்குமணி மறுபடி கூப்பிடுவார். பதில் வரும்வரை நின்ற இடத்தை விட்டு நகர மாட்டார். ஒருமுறை ஒரு நேபாளத்துக்காரர் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து வாய் நிறைய ரொட்டி வைத்திருந்தார். அவர் விழுங்கி முடிப்பதற்குள் அடுத்த தோட்டத்து ஆட்கள் பதில் கொடுத்துவிட்டார்கள்.

இப்பேர்ப்பட்ட குரலுக்கு இறைவன் சன்னிதியில் என்ன மரியாதை கிடைத்தது என்பதை வரலாறு மறைக்கக் கூடாது.

பீடோரிலிருந்து வேலப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு இந்தத் தோட்டத்துக்கு வந்த புதிதில், ருக்குமணி வெள்ளிக்கிழமை பஜனைக்குப் போய் உட்கார்ந்தார். முதல் வரியை எடுத்தார். ஹார்மோனியம் வாசித்தவர் தன் ஹார்மோனியம் கெட்டுவிட்டதாக நினைத்து அதைக் கவிழ்த்துப் பார்த்தார். தபேலாக்காரர் தாளத்தை விட்டார். மடியில் தூங்கிய குழந்தைகள் ஒட்டுமொத்தமாக விழித்துக்கொண்டன. மாரியம்மன் மட்டும் அசையவில்லை. கோவில் தலைவர் திருமாறன் கெட்ட மனிதர் அல்லர். செயற்குழுவைக் கூட்டி, பஜனையில் கலந்துகொள்ள எல்லாருக்கும் உரிமை உண்டு என்றும், ருக்குமணி அந்த உரிமையைக் கை தட்டிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் ஒருமனதாக முடிவெடுத்தார். வீடு தேடி வந்து தன்மையாகவும் சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காத தங்கச்சி. நீ பாடுனா மத்தவங்க பாடுறது அம்மனுக்குக் கேக்க மாட்டேங்குதுலா."

ருக்குமணி கோபித்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து கை தட்டினார். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய், தலையில் நரை விழும்வரை தட்டினார். ஆனால் அவர் மனத்துக்குள் ஓர் ஆசை உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மறுத்தது. மேடை வேண்டாம், மாலை வேண்டாம். நாலு பேரோடு சேர்ந்து நின்று, யாரும் திரும்பிப் பார்க்காமல், ஒரு பாட்டை ஆரம்பம் முதல் கடைசிவரை பாட வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் கேமரன் மலையில் கிடைக்கவில்லை.

விடிவு பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில், ஜப்பார் பாயின் சாப்பாட்டுக் கடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. காய்கறி லோரி ஓட்டும் வேலப்பன் வண்டியைச் சந்தையின் மறு கோடியில் நிறுத்திவிட்டு, முட்டைக்கோஸ் இறக்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ரொட்டி சானாய் ஆறிப்போகிறதே என்று ருக்குமணி கடை வாசலில் நின்று கணவரைப் பெயர் சொல்லாமல், "ஏங்க" என்று மட்டும் நீட்டிக் கூப்பிட்டார். சந்தையில் இருந்த எல்லாக் கணவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த வசந்தன் மாஸ்டர் கிளாஸைக் கீழே வைத்தார். ஈப்போவில் இசையாசிரியராக இருந்து ஓய்வுபெற்று, குளிருக்கு ஆசைப்பட்டு மலையேறி, ஏறிய பிறகு முட்டிவலியோடு வாழ்ந்துவருபவர் அவர். தானா ராத்தா சாலையில் உள்ள சிறிய தேவாலயத்தில் பாடகர் குழு நடத்துகிறார். அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு கால் உள்ள சின்ன இரும்புக் கவை ஒன்றை எடுத்தார். தட்டினால் ஒரே ஒரு சுருதி மட்டும் சொல்லும் சாமான் அது. அதை மேசையில் தட்டிக் காதருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஜப்பார் பாய் பதறிப்போய் கிளாஸில் விரிசலா என்று விசாரித்தார். மாஸ்டர் ருக்குமணியை இன்னொரு தடவை அப்படியே கூப்பிடச் சொன்னார்.

"அவரு வந்துட்டாரே, இனி எதுக்குக் கூப்பிடணும்?" என்றார் ருக்குமணி, பக்கத்தில் வந்து நின்ற வேலப்பனைக் காட்டி.

"பாய் கடையில ரொட்டி நல்லாருக்குன்னு சொல்லச் சொல்லுங்க மாஸ்டர்," என்றார் ஜப்பார் பாய். "கீழ தாப்பா வரைக்கும் விளம்பரம் ஆகும்."

மாஸ்டரின் பிரச்சினை எளிமையானது. அவர் குழுவில் உச்சத்தில் பாடும் சொப்ரானோக்கள் இருந்தார்கள். அதற்குக் கீழே பாடும் ஆல்டோக்கள் இருந்தார்கள். அடியில் பாட ஹோட்டல் காவலர் இருவர் இருந்தார்கள். இடையில், ஆண்களின் மேல்சுருதியான டெனர் பாட, நிரந்தரச் சளியோடு வாழும் மகேன் ஒருவர்தான் மிச்சம். மற்றவர்கள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். கிறிஸ்மஸ் வருகிறது. பாட வேண்டியதோ நானூறு வருடத்துக்கு முந்திய ஒரு மோட்டெட். ஒரு பெண் டெனர் பாடலாமா என்பது பற்றி மாஸ்டருக்கு இருந்த ஆட்சேபங்கள் எல்லாம் அந்த "ஏங்க"வில் கரைந்துவிட்டன.

மோட்டெட் என்பது லத்தீனில் அமைந்த தேவாலயப் பாட்டு. எழுதியவர் பெயரை எலி தின்றுவிட்டதாக மாஸ்டர் சொன்னார். வாத்தியம் கிடையாது, கை தட்டுவதற்குத் தாளமும் கிடையாது. மொத்தப் பாட்டுக்கும் அர்த்தம், எங்கள் குரலைக் கேளும் ஆண்டவரே என்பதுதான். இதைச் சொல்ல நமக்கு ஒரு நிமிடம் தாராளம். அந்தக் காலத்து மனிதருக்கு அவசரம் இல்லை. ஒரு சொல்லை எடுத்தால் அது மலைப்பாதைபோல வளைந்து வளைந்து போய், வந்த இடத்தையே மேலிருந்து எட்டிப் பார்க்கும். நாலு குரலும் ஒன்றாகத் தொடங்காது. ஒன்று மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பும். அது கொஞ்ச தூரம் போனதும் அடுத்த குரல் அதே மெட்டை வேறு உயரத்தில் எடுக்கும். பிறகு மூன்றாவது, பிறகு நான்காவது. யாரும் யாருக்கும் பின்பாட்டு அல்ல. நாலும் எஜமான், நாலும் வேலைக்காரன்.

இதையெல்லாம் மாஸ்டர் முதல் ஒத்திகையில் கரும்பலகையில் கோடு போட்டு விளக்கினார். படித்தவர்கள் தலையாட்டினார்கள். ருக்குமணிக்கு வியப்பாக இருந்தது, இவ்வளவு சாதாரண விஷயத்துக்கு ஏன் இத்தனை கோடு என்று. "இது நம்ம நிரை கூப்பிடுறதுதானே மாஸ்டர்," என்றார்.

மாஸ்டர் உரசல் பற்றியும் சொன்னார். ஒரு குரல் பழைய ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். இன்னொரு குரல் புது ஸ்வரத்துக்கு நகர்ந்துவிடும். இரண்டும் உரசும், பல் கூசும். பிறகு ஒன்று இறங்கிக் கொடுக்கும், மனசு லேசாகும். இந்தப் பாட்டின் அழகே அதில்தான் இருக்கிறதாம்.

"மாமியா வீட்டுக்கு மருமக வந்த கதைதான்," என்றார் ருக்குமணி. "யாரு எறங்கிக் குடுப்பாங்க?"

"பழசுதான் எறங்கணும்."

"அப்ப இது நம்ம ஊருப் பாட்டு இல்ல."

ருக்குமணி லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார். மெட்டைக் கேட்ட மாத்திரத்தில் பிடித்தார். எல்லாம் சரி, வாயைத் திறந்ததும் ஆல்டோக்கள் தங்கள் இடத்தை மறந்தார்கள், காவலர் இருவரும் பழக்கதோஷத்தில் வாசலைப் பார்த்தார்கள். மாஸ்டர் பாட்டை நிறுத்தி, ஒரு சட்டத்தை வெளியிட்டார். இந்தப் பாட்டில் ஒரு குரல் மட்டும் தனியாகத் தெரிந்தால் பாட்டு செத்துவிடும். யார் குரல் தனியாகத் தெரிகிறதோ அவர் உட்கார்ந்துவிட வேண்டும். அது யாராக இருந்தாலும் சரி. யாராக இருந்தாலும் என்று சொல்லும்போது அவர் ருக்குமணியை மட்டுமே பார்த்தார்.

"பக்கத்துல மகேன் பாடுறது ஒங்க காதுல விழணும் கங்காணியம்மா. விழலன்னா நீங்க சத்தமா பாடுறீங்கன்னு அர்த்தம்."

ருக்குமணிக்கு இது புதிய செய்தி. அவர் வாய் திறந்திருக்கும் நேரத்தில் உலகத்தில் வேறு யாரும் பேசி அவர் கேட்டதே இல்லை. அடுத்த தடவை குரலை இறக்கினார். இன்னும் இறக்கினார். ஆபீஸில் துரை முன்னால் லீவு கேட்கும் அளவுக்கு இறக்கியபோது, இடது காதில் மகேனின் சளி கேட்டது. பிறகு சளிக்குள்ளிருந்து மகேன் கேட்டார். பிறகு ஆல்டோ, அடியில் இரண்டு காவலர்கள், மேலே எங்கேயோ சொப்ரானோ சசிரேகா. நாலு பக்கமும் பாட்டு போய்க்கொண்டிருந்தது, நடுவில் தன் குரலும் இருந்தது. ருக்குமணிக்குக் கண் நிறைந்து, லத்தீன் மங்கலாகிவிட்டது. அப்படியும் நிறுத்தவில்லை.

ஒரே ஒரு வியாதி மட்டும் தீரவில்லை. எந்தக் குரலாவது வர வேண்டிய இடத்தில் வரத் தாமதித்தால் ருக்குமணி தன் வரியை விட்டுவிட்டு மெட்டை முதலிலிருந்து மறுபடி எடுத்துவிடுவார். மாஸ்டர் தலையில் கை வைப்பார். வராதவர் வரவில்லை, நாம் போய்க்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் குழுப்பாட்டு என்று பொறுமையாகச் சொல்வார். அப்படிப் போனால் மலையில் ஆள் தொலைந்துபோவான் என்று ருக்குமணி அதைவிடப் பொறுமையாகச் சொல்வார். இருவரும் சொன்னது சரியாக இருந்ததால் விவாதம் முன்னேறவில்லை.

வீட்டில் ருக்குமணி குரலை இறக்கிப் பழகினார். லோரியில் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து பழகினார். வேலப்பனுக்குத் தன் மணவாழ்க்கையில் மனைவி சொன்ன எதையும் இரண்டாம் தடவை கேட்க நேர்ந்ததில்லை. அவர் கவலையோடு லோரியை ஓரம் கட்டினார்.

"ஒடம்பு சரியில்லையா? கிளினிக் போலாமா?"

செய்தி கோவிலுக்கும் எட்டியது. திருமாறன் வந்தார். மாதா கோவிலில் பாடுவது பற்றி அவருக்கு ஆட்சேபம் இல்லை, சாமி எல்லாம் ஒன்றுதான், ஆனால் இங்கே இத்தனை வருடம் கை மட்டும் தட்டிவிட்டு அங்கே போய் வாய் திறந்தால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டார்.

"அங்க கை தட்ட விட மாட்டேங்கிறாங்கண்ணே," என்றார் ருக்குமணி.

திருமாறன் நிலைமையை நேரில் கண்காணிக்கத் தானே வரப்போவதாக அறிவித்துவிட்டுப் போனார்.

கிறிஸ்மஸுக்கு முந்திய ஞாயிறு மாலை தேவாலயம் நிறைந்திருந்தது. தோட்டத்திலிருந்து பாதி லைன் வந்திருந்தது. நேபாளத்துக்காரர்கள் தலைவாரிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஜப்பார் பாய் கறிபாப் பலகாரத் தட்டுகளோடும் தேத்தண்ணி பிளாஸ்க்குகளோடும் வெளியே தாழ்வாரத்தில் இடம் பிடித்தார். திருமாறன் முன்வரிசையில், விசாரணைக் கமிஷன்போல. வேலப்பன் அவர் பக்கத்தில், குளித்து, சட்டை போட்டு, சந்தேகத்தோடு. கதவிடுக்கு வழியாகப் பனி உள்ளே வந்து எல்லாருடைய காலடியிலும் உட்கார்ந்தது.

பாட்டின் முதல் பாதி நல்லபடியாகப் போயிற்று. ருக்குமணி எங்கே பாடுகிறார் என்று திருமாறன் எட்டி எட்டிப் பார்த்தார். வாய் அசைவது தெரிந்தது. கேட்டதெல்லாம் பாட்டுதான்.

இரண்டாம் பாதி புது மெட்டு. அதை எடுக்க வேண்டியது டெனர். மகேனும் ருக்குமணியும் எடுத்தார்கள். ஆல்டோ பின்னால் வந்தது. காவலர் இருவரும் அடியில் வந்து சேர்ந்தார்கள். கடைசியாக, எல்லாருக்கும் மேலே, சொப்ரானோ வர வேண்டும். மற்ற இரண்டு சொப்ரானோக்களும் சசிரேகா வாய் திறந்தால்தான் வாய் திறப்பார்கள். அது அவர்கள் கொள்கை. சசிரேகா கியா பார்மில் ஸ்ட்ராபெரிக் கடையில் வேலை செய்பவர். அன்று கடையில் கூட்டம் குறையாததால், கை கழுவ நேரமில்லாமல் நேரே ஓடிவந்திருந்தார். விரலில் இருந்த ஜாம் பாட்டுத் தாளில் ஒட்டி, தாள் அடுத்த தாளில் ஒட்டி, இரண்டாம் பாதி முழுவதும் ஜாமுக்குள் இருந்தது. அவர் நகத்தால் கிள்ளினார். பிரியவில்லை. வர வேண்டிய இடம் வந்தது. சொப்ரானோ வரவில்லை.

வீட்டுக்குச் சுவர் எழும்பிக் கூரை போடாத மாதிரி, மூன்று குரலும் மேலே ஒன்றுமில்லாமல் நின்றன. மாஸ்டர் இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினார்: பிடித்த ஸ்வரத்தை அப்படியே பிடியுங்கள். தாளம் இல்லாத பாட்டில் இது ஒரு சௌகரியம். ஆல்டோ பிடித்தது. காவலர் இருவரும் பிடித்தார்கள், மூச்சு தீரத் தீர முகம் சிவந்தது. மகேன் பிடித்தார். ருக்குமணியும் பிடித்திருக்க வேண்டும். சட்டம் அதுதான்.

ருக்குமணி சசிரேகாவைப் பார்த்தார். கண்ணில் நீரோடு தாளைக் கிள்ளிக்கொண்டிருந்த அந்தப் பெண், பனிமூட்டத்துக்குள் ஒரு நிரை. அதற்கு மேல் ருக்குமணி யோசிக்கவில்லை. மெட்டை முதலிலிருந்து எடுத்துக் கூப்பிட்டார்.

துரையிடம் லீவு கேட்கும் குரல் அல்ல அது. நெஞ்சுக்குள்ளிருந்து வந்து, மேலே ஏறி, வளைந்தது. மற்றவர்கள் பிடித்திருந்த பழைய ஸ்வரங்களோடு அது உரசியபோது முன்வரிசைக்கே பல் கூசிற்று. திருமாறன் நாற்காலியின் கையைப் பிடித்தார். வெளியே ஒரு கறிபாப் தட்டு விழும் ஓசை கேட்டது. பிறகு அந்தக் குரல் மெல்ல இறங்கிற்று. இறங்கும்போது உரசல் எல்லாம் அவிழ்ந்து, தேவாலயமே மூச்சு விட்டது.

சசிரேகாவுக்குத் தாளே தேவைப்படவில்லை. தான் பாட வேண்டியதும் அதே மெட்டுதான், கொஞ்சம் உயரத்தில். தாளைக் கீழே விட்டார். கூப்பிட்டவரைப் பார்த்துக்கொண்டே பதில் கொடுத்தார். கொள்கை பிசகாமல் மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். மாஸ்டர் உள்ளங்கையை மூடினார், நாலு குரலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடி, கடைசி ஸ்வரத்தில் வந்து ஒன்றாக உட்கார்ந்தன. பெயரை எலி தின்றுவிட்ட அந்த மனிதர் அப்படித்தான் எழுதியிருக்கிறார் என்று கேட்டவர்கள் எல்லாரும் நம்பினார்கள்.

ருக்குமணி நம்பவில்லை. தன் குரல் தனியாகத் தெரிந்தது அவருக்குத் தெரியும். சட்டமும் தெரியும். கோவிலில் மற்றவர் சொல்ல வேண்டியிருந்தது. இங்கே யாரும் சொல்ல வேண்டாம் என்று நினைத்தார். தாளை அழகாக மடித்து மகேன் கையில் கொடுத்துவிட்டு, வரிசையை விட்டு இறங்கி, வேலப்பனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகத்தில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். முக்கால் பாட்டு தனியாகத் தெரியாமல் பாடியாயிற்று, அது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த முகம் அது.

அடுத்த பாட்டுக்கு எல்லாரும் நின்றார்கள். மாஸ்டர் கையைத் தூக்கினார். தூக்கிய கை கீழே இறங்கவில்லை. குழு அவரைப் பார்த்தது. அவர் முன்வரிசையைப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவர் இருமினார். அப்போதும் கை இறங்கவில்லை. முட்டிவலிக்காரர் அவ்வளவு நேரம் நிற்பதே பெரிய விஷயம்.

"என்னா மாஸ்டர்?" என்றார் ருக்குமணி கடைசியில், தாங்க முடியாமல்.

"ஒங்களுக்காகத்தான் நிக்கிறோம் கங்காணியம்மா."

"நாந்தான் தனியாத் தெரிஞ்சுட்டேனே."

"தெரிஞ்சீங்க. இப்ப வந்து தெரியாமப் பாடுங்க."

வேலப்பன் மனைவியின் முழங்கையை மெதுவாகத் தள்ளினார். ருக்குமணி எழுந்து போனார். சசிரேகா ஜாம் விரலால் அவர் சேலையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்து வரிசையில் இடம் செய்துகொடுத்தார். மகேன் தாளைத் திருப்பித் தந்துவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

அடுத்த பாட்டு எளிமையானது, நாலு குரலும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாகவே நடப்பது. முழுப் பாட்டும் போகும்வரை திருமாறன் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து ருக்குமணியின் குரலைத் தேடினார். இடையில் வேலப்பனிடம் குனிந்து, தங்கச்சி பாடுகிறதா இல்லையா என்றும் கேட்டார். வேலப்பனுக்கும் தெரியவில்லை.